ஆயிரக்கணக்கில் ஃபான்ட் சேர்ந்துவிட்டதா? நிர்வகிக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சகம், டிடிபி சென்டர், ஃப்ளெக்ஸ் கடை, பத்திரிகை வடிவமைப்பு என்று எழுத்தோடு தினமும் புழங்குகிறவர்களின் கம்ப்யூட்டரில் ஃபான்ட் சேருவதற்குக் கணக்கே இல்லை. பழைய சிடியிலிருந்து கொஞ்சம், வாடிக்கையாளர் அனுப்பியது கொஞ்சம், இணையத்தில் இறக்கியது மீதி. அதை ஒழுங்குபடுத்த நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழ் ஃபான்ட் வைத்திருப்பவர்களுக்கென்று தனியாகச் சில சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்தில் வரும் ஒப்பீட்டுக் கட்டுரைகள் அவற்றைத் தொடுவதே இல்லை என்பதால் அவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம்.

விண்டோஸிலேயே ஃபான்ட்ஸ் ஃபோல்டர் இருக்கிறதே, தனி மென்பொருள் எதற்கு?

இருநூறு முந்நூறு ஃபான்ட் வரை தேவையில்லை. அதற்கு மேல் போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இன்ஸ்டால் செய்த ஒவ்வொரு ஃபான்ட்டும் வேர்டு, கோரல்டிரா, இன்டிசைன் என எல்லாவற்றின் பட்டியலிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மென்பொருள் திறக்கவே நேரம் பிடிக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு தலைப்பெழுத்து தேட வேண்டுமானால் பட்டியலை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஃபான்ட் மேனேஜர் என்று சொல்லப்படும் மென்பொருள்கள் வேறு வழியில் வேலை செய்கின்றன. ஃபைல்கள் நீங்கள் வைத்த ஃபோல்டரிலேயே இருக்கும். வேலைக்கு வேண்டியதை மட்டும் ‘ஆக்டிவேட்’ செய்தால், அந்த நேரத்துக்கு மட்டும் அது இயங்குதளத்தில் ஏறும். வேலை முடிந்ததும் இறக்கிவிடலாம். விண்டோஸில் ஃபான்ட்டை இப்படித் தற்காலிகமாக ஏற்றும் வசதி நெடுங்காலமாகவே உண்டு. மேனேஜர்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

இன்னொன்றும் கவனியுங்கள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, அட்மின் அனுமதி இல்லாமல் ஒரு பயனருக்கு மட்டும் ஃபான்ட் இன்ஸ்டால் செய்ய முடிகிறது. அப்படிச் செய்தவை விண்டோஸின் பொது ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போவதில்லை, அந்தப் பயனரின் சொந்த ஃபோல்டருக்குள் போய்விடும். அந்த ஃபோல்டரை எட்டிப் பார்க்காத பழைய மென்பொருளில் ‘இன்ஸ்டால் செய்தேன், பட்டியலில் வரவில்லை’ என்று பலர் தவிப்பதற்கு இதுவே காரணம். ரைட் கிளிக் செய்து, ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்பதைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பார்க்க அழகாக இருக்கிறதா என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது, ஃபைல்களை இருக்கும் இடத்திலேயே விட்டுவைக்கிறதா என்பது. சில மென்பொருள்கள் எல்லாவற்றையும் தங்கள் நூலகத்துக்குள் நகலெடுத்துக்கொள்ளும். ஒரே ஃபான்ட் இரண்டு இடத்தில் இருக்கும், எது மூலம் எது நகல் என்று பிறகு நமக்கே தெரியாது.

அடுத்தது முன்னோட்ட வாக்கியம். நாம் கொடுக்கும் வாக்கியத்தை அப்படியே காட்ட வேண்டும். அந்த ஆங்கில ‘குவிக் பிரவுன் ஃபாக்ஸ்’ வாக்கியத்தை மட்டும் காட்டும் மென்பொருள் தமிழ் வேலைக்கு உதவாது. வாக்கியத்தைச் சட்சட்டென்று மாற்றவும் முடிய வேண்டும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அப்புறம், டேக், அதாவது அடையாளச் சீட்டு போட்டுப் பிரிக்கும் வசதி, ஒரே ஃபான்ட் இரண்டு தடவை இருந்தால் காட்டிக்கொடுக்கும் வசதி. இவ்வளவு இருந்தால் போதும். மீதியெல்லாம் அவரவர் விருப்பம்.

என்னிடம் நூற்றுக்கணக்கில் தமிழ் ஃபான்ட் இருக்கிறது. ஆனால் மென்பொருளில் ‘தமிழ்’ என்று வடிகட்டினால் பத்துப் பதினைந்துதான் வருகிறது. ஏன்?

தமிழ் வேலைக்கு மென்பொருள் தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயமே இதுதான்.

யூனிகோடு என்பது உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுத் தரம். மென்பொருள் ஒரு ஃபான்ட்டைத் திறந்து, எந்த யூனிகோடு எண்களில் எழுத்து இருக்கிறது என்று பார்க்கிறது. யூனிகோடில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட பகுதி ஒன்று உண்டு. அதில் எழுத்துகள் இருந்தால் தமிழ் என்று குறித்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர், மீரா இனிமை போன்றவை எல்லாம் இப்படித்தான் சரியாக அடையாளம் காணப்படுகின்றன.

ஆனால் யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த தமிழ் ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வைத்திருக்கின்றன. பாமினி வகையில் ‘தமிழ்’ என்று வர வேண்டுமானால் ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்தையும் வரிசையாக அடிக்க வேண்டும். ஜே இருக்கும் இடத்தில் ‘த’, கே இருக்கும் இடத்தில் ‘ம’, பி இருக்கும் இடத்தில் இகரக் குறி, ஓ இடத்தில் ‘ழ’, அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி. ஃபைலுக்குள் இருப்பது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான், திரையில் தெரிவது மட்டும் தமிழ். இதை மென்பொருள் ‘லத்தீன்’ என்று குறித்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

இது ஒரே முறையாக இருந்திருந்தாலும் சமாளித்திருக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வரிசை வைத்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு முறைகளைத் தரப்படுத்தியது. இணையத்தில் எழுதியவர்கள் டிஸ்கி வைத்திருந்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் பத்திரிகைகளிலும் பாமினி. தமிழ்நாட்டில் வானவில், ஸ்ரீலிபி, செந்தமிழ். 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தபோது, அதனுடன் டேஸ் 16 என்ற முறையையும் அரசு ஏற்றது. அது யூனிகோடில் எந்த மொழிக்கும் ஒதுக்காத தனிப்பயன் பகுதியில் எழுத்துகளை வைக்கிறது. ஆகவே மென்பொருள் அதையும் தமிழ் என்று கண்டுகொள்ளாது.

எந்த மேனேஜர் வாங்கினாலும் இந்த வேலையை அது செய்து தராது, நாம்தான் பிரித்து டேக் போட வேண்டும். அதைச் சுலபமாகச் செய்யவிடும் மென்பொருள்தான் நமக்கு நல்ல மென்பொருள்.

சரி, ஒரு பழைய ஃபான்ட் எந்த முறையைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்னோட்ட வாக்கியத்தை வைத்துத்தான். ‘தமிழ்நாடு’ என்ற சொல்லை நோட்பேடில் யூனிகோடில் எழுதுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் அதைப் பாமினி, டாம், டாப், டிஸ்கி, வானவில் என ஒவ்வொன்றுக்கும் மாற்றி, வரும் ஆங்கிலக் குறிகளை வரிவரியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். யூனிகோடு வரியும் அதிலேயே இருக்கட்டும். இந்தச் சிறு ஃபைல் எப்போதும் கையோடு இருக்க வேண்டியது.

பிறகு மேனேஜரைத் திறந்து, பழைய ஃபான்ட் எல்லாம் இருக்கும் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, பாமினி வரியை முன்னோட்டப் பெட்டியில் ஒட்டுங்கள். திரையில் நூறு ஃபான்ட் தெரிந்தால், பாமினி வகை மட்டும் ‘தமிழ்நாடு’ என்று சுத்தமாகக் காட்டும். மற்றவை எதையாவது உளறும். சுத்தமாகத் தெரிந்ததையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ‘பாமினி’ என்று டேக் போட்டுவிடலாம். அடுத்து டாம் வரி. இப்படி ஐந்தாறு வரியில் பெரும்பகுதி பிரிந்துவிடும்.

இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. டாப்பும் டிஸ்கியும் இருமொழி முறைகள். கீழ்ப்பாதியில் உண்மையான ஆங்கில எழுத்து, மேல்பாதியில் தமிழ். இந்த வகை ஃபான்ட்டுக்கு ஆங்கில வாக்கியத்தைக் காட்டினால் ஒழுங்கான ஆங்கிலமே தெரியும். ‘இது ஆங்கில ஃபான்ட்’ என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அழிப்பதற்கு முன் டாப், டிஸ்கி வரிகளையும் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்.

ஃபைலின் பெயரையும் விடாதீர்கள். டாம், டாப் என்ற எழுத்துகளோடு பெயர் தொடங்கினால் பெரும்பாலும் அந்த முறைதான். தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிட்ட, டிஏயு என்று பெயர் தொடங்கும் வரிசை, அதாவது மருதம், கபிலர், வள்ளுவர் போன்றவை, யூனிகோடு.

முன்னோட்டத்துக்கு என்ன வாக்கியம் வைத்தால் நல்லது?

மேலே சொன்னது முறையைக் கண்டுபிடிக்க. யூனிகோடு ஃபான்ட்டின் தரத்தைப் பார்க்க வேறு வாக்கியம் வேண்டும். வெறும் ‘அம்மா’, ‘வணக்கம்’ எல்லா ஃபான்ட்டிலும் நன்றாகத்தான் தெரியும். நான் வைத்திருப்பது இது:

‘ஸ்ரீரங்கத்துக் கௌரி ஞாயிறன்று கூழுக்கும் நெய்க்கும் ₹250 கொடுத்தாள், எஃகு, ணூ, றூ, லை, க்ஷ, ஶ.’

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஸ்ரீ சில ஃபான்ட்களில் சேராமல் இரண்டாக நிற்கும். ‘கூ’, ‘ழு’, ‘ணூ’, ‘றூ’ போன்றவற்றில்தான் வரைந்தவரின் கைவண்ணம் தெரியும். உகர ஊகார வடிவங்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி என்பதால் சோம்பலாகச் செய்த ஃபான்ட் இங்கேயே மாட்டிக்கொள்ளும். ரூபாய்க் குறி 2010-இல்தான் யூனிகோடில் சேர்ந்தது, அதற்கு முந்தைய ஃபான்ட்டில் கட்டம்தான் வரும். விலைப்பட்டியல் போடுகிறவர்களுக்கு இது முக்கியம். ‘ஶ’ 2005-இல் சேர்ந்தது. கோயில் வேலை, வடமொழிச் சுலோகம் எல்லாம் அச்சிடுகிறவர்களுக்கு அது வேண்டும்.

‘லை’ எதற்கென்றால், 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் லை, ளை, ணை, னை ஆகியவற்றில் ஐகாரம் துதிக்கை போல மேலே வளையும். பழைய புத்தகங்களைப் போன்ற தோற்றம் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு அந்த வடிவம் உள்ள ஃபான்ட்தான் வேண்டும். அப்படி எது கண்ணில் பட்டாலும் ‘பழைய வடிவம்’ என்று டேக் போட்டு வையுங்கள். தேடும்போது அவ்வளவு எளிதில் கிடைக்காது.

விண்டோஸில் எதைப் பயன்படுத்தலாம்?

இலவசமாக வேண்டுமென்றால் நெக்ஸஸ்ஃபான்ட்டில் தொடங்கலாம். சின்ன மென்பொருள், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஃபோல்டரைக் காட்டினால் அதிலுள்ள ஃபான்ட்களைக் காட்டும், மென்பொருள் திறந்திருக்கும்வரை அவற்றை மற்ற மென்பொருள்களில் பயன்படுத்தலாம். டேக், தொகுப்பு, ஒரே ஃபான்ட் இரண்டிருந்தால் கண்டுபிடிப்பது எல்லாம் உண்டு. தோற்றம் பழசுதான், அதனால் வேலை கெடுவதில்லை. பெரும்பாலான டிடிபி சென்டர்களுக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஃபான்ட்பேஸ் பார்க்க நவீனமானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. அடிப்படை வசதிகள் இலவசம், கூடுதல் வசதிகளுக்குச் சந்தா. கூகுள் ஃபான்ட்ஸ் அதற்குள்ளேயே வருவதால் ஹிந்த் மதுரை, பலூ தம்பி, கவிவனார் போன்றவற்றைத் தனியாக இறக்காமலே பார்த்துவிடலாம். மெமரி அதிகம் பிடிக்கும். 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் கோரலையும் ஃபோட்டோஷாப்பையும் திறந்து வைத்துக்கொண்டு இதையும் ஓட்டுவது சிரமம்.

மெயின்டைப் என்பதை ஹை-லாஜிக் நிறுவனம் தயாரிக்கிறது, ஃபான்ட்கிரியேட்டரும் அவர்களுடையதுதான். ஃபான்ட்டின் உள்விவரங்களை விரிவாகக் காட்டுவது இதன் பலம். எந்த எழுத்து இருக்கிறது, எது இல்லை என்று கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டியவர்களுக்கு ஏற்றது.

கோரல்டிரா உரிமம் வைத்திருப்பவர்கள் முதலில் தங்களிடமே இருப்பதைப் பாருங்கள். முன்பு பிட்ஸ்ட்ரீம் ஃபான்ட் நேவிகேட்டர் கூடவே வந்தது. எக்ஸ்8 பதிப்பிலிருந்து கோரல் ஃபான்ட் மேனேஜர் வருகிறது. ஃப்ளெக்ஸ் கடை வேலை முழுக்கக் கோரலில்தான் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

மேக்கில்?

ஆப்பிள் தரும் ஃபான்ட் புக் ஓரளவு சேகரிப்புக்குப் போதும். வேண்டாததை அழிக்காமல் முடக்கி வைக்கலாம், நிபந்தனை கொடுத்துத் தானாகச் சேரும் தொகுப்புகள் உருவாக்கலாம், கெட்டுப்போன ஃபான்ட்டைச் சோதித்துக் காட்டும். அதில் சேர்க்கும் ஃபான்ட் நூலக ஃபோல்டருக்குள் நகலாகிவிடும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் டைப்ஃபேஸ், ரைட்ஃபான்ட் ஆகிய இரண்டையும் சோதனைப் பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். உங்களிடம் உள்ள பாமினி ஃபோல்டரைக் கொடுத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. மேக்கோடு வரும் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் போன்றவற்றை எல்லா மென்பொருளும் ஒழுங்காகத்தான் காட்டும்.

லினக்ஸில்?

ஃபான்ட் மேனேஜர் என்ற பெயரிலேயே ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது, நன்றாக வேலை செய்யும். தமிழ் யூனிகோடு ஃபான்ட்களின் பட்டியல் மட்டும் போதும் என்றால் டெர்மினலில் ஃபான்ட்கான்ஃபிக் கட்டளைக்குத் தமிழின் மொழிக்குறியைக் கொடுத்தாலே வந்துவிடும்.

பணம் கொடுத்து வாங்குவது எப்போது நியாயம்?

ஐந்தாறு பேர் ஒரே பத்திரிகைக்கு வேலை செய்கிறீர்கள், எல்லாரிடமும் ஒரே பதிப்பு ஃபான்ட் இருக்க வேண்டும், இன்டிசைன் ஃபைலைத் திறந்ததும் வேண்டிய ஃபான்ட் தானாக ஏற வேண்டும் என்றால் வாங்கலாம். முன்பு சூட்கேஸ் ஃப்யூஷன் என்ற பெயரில் இருந்து இப்போது கனெக்ட் ஃபான்ட்ஸ் என்று வரும் எக்ஸ்டென்சிஸ் மென்பொருள் இந்த வேலைக்குத்தான். தனியாள் வேலைக்கு வருடச் சந்தா கட்டத் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல தமிழ் ஃபான்ட் ஒன்றை உரிமத்தோடு வாங்குங்கள்.

மென்பொருளை நிறுத்திவிட்டால் நான் போட்ட டேக் எல்லாம் என்ன ஆகும்?

இது வெறும் பயம் அல்ல. ஃபான்ட்எக்ஸ்ப்ளோரர் எக்ஸ் ப்ரோ ஒரு காலத்தில் வடிவமைப்பாளர்களின் செல்லப்பிள்ளை. மோனோடைப் அதை நிறுத்திவிட்டது. அதற்குள்ளேயே தொகுப்பும் டேக்கும் போட்டு வைத்தவர்கள் வேறு மென்பொருளுக்கு மாற வேண்டியதாயிற்று.

டேக்குகளைப் பெரும்பாலான மென்பொருள்கள் தங்கள் சொந்தத் தரவுத்தளத்தில்தான் வைக்கின்றன, ஃபான்ட் ஃபைலுக்குள் எழுதுவதில்லை. அதனால் மாறவே மாறாத பிரிவுகளை ஃபோல்டராகப் பிரியுங்கள், மாறக்கூடியதை டேக்காக வையுங்கள். பாமினி, டாம் போன்ற என்கோடிங் முறை ஒரு ஃபான்ட்டுக்கு என்றைக்கும் மாறாது, அது ஃபோல்டர். ‘கல்யாணம்’, ‘கண்ணீர் அஞ்சலி’, ‘கட்சி போஸ்டர்’ போன்றவை உங்கள் ரசனைப்படி மாறும், அவை டேக்.

மேல்மட்டத்தில் தமிழ் யூனிகோடு, தமிழ் பழைய முறைகள், ஆங்கிலம், பிற மொழிகள், குறிகளும் அலங்காரமும். தமிழ் பழைய முறைகளுக்குள் பாமினி, டாம், டாப், டிஸ்கி, வானவில், தெரியாதவை. ‘தெரியாதவை’ கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பிரிக்கும் வேலை நடுவிலேயே நின்றுவிடும். யூனிகோடு ஃபோல்டருக்குள் குடும்பப் பெயருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள்ளேயே உரிம ஃபைல். இப்படி வைத்துவிட்டால் நாளைக்கு எந்த மென்பொருளுக்கு மாறினாலும் ஃபோல்டரைக் காட்டினால் போதும், பாதி ஒழுங்கு தானாக வந்துவிடும்.

ஒரே ஃபான்ட் நாலைந்து பெயரில் இருக்கிறது. எதை அழிப்பது?

ஃபைலின் பெயரைப் பார்த்து அழிக்காதீர்கள். ஃபான்ட்டுக்குள் அதன் குடும்பப் பெயர், முழுப்பெயர், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர், பதிப்பு எண் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். இயங்குதளமும் இன்டிசைனும் பார்ப்பது அந்த உட்பெயரைத்தான். ஃபைல் பெயர் வேறாக இருந்தும் உட்பெயர் ஒன்றாக இருந்தால் இரண்டும் மோதும், எது ஏறும் என்று சொல்ல முடியாது. வரிகள் ஓடிப்போய்ப் பக்கம் குலைவதற்கு இது ஒரு காரணம்.

உட்பெயரும் பதிப்பும் ஃபைல் அளவும் ஒன்றாக இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கலாம். உட்பெயர் ஒன்று, பதிப்பு வேறு என்றால் புதியதைப் பொது ஃபோல்டரில் வையுங்கள். பழையதை அந்தப் பழைய வேலையின் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். மறுபதிப்பு வரும்போது எழுத்தின் அகலம் ஒரு இழை மாறினாலும் முந்நூறு பக்கப் புத்தகத்தில் எல்லாம் நகர்ந்துவிடும். இன்டிசைனில் ‘பேக்கேஜ்’ செய்தால் அந்த ஃபைலுக்குப் பக்கத்திலேயே ஃபான்ட்களுக்கு ஒரு ஃபோல்டர் உருவாகும். ஃபைலைத் திறக்கும்போது அதிலிருந்தே ஃபான்ட்டை எடுத்துக்கொள்ளும். முடித்த புத்தகங்களை இப்படிப் பத்திரப்படுத்துவதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபான்ட் சரியாக ஏறுகிறது, ஆனால் ‘கொ’ உடைந்து கொம்பு தள்ளி நிற்கிறது. மேனேஜரின் கோளாறா?

இல்லை. பழைய முறைகளில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடித்தோம். யூனிகோடில் முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. அதைப் பிரித்துக் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது நீங்கள் பயன்படுத்தும் வடிவமைப்பு மென்பொருளின் வேலை. இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

லதா ஃபான்ட்டில் செய்த பழைய வேர்டு ஃபைல் புதுக் கம்ப்யூட்டரில் வேறு மாதிரி தெரிகிறது. எங்கே இறக்குவது?

எங்கிருந்தும் இறக்க வேண்டாம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் கூடுதல் தமிழ் ஃபான்ட்கள் என்ற விருப்ப வசதிக்குப் போய்விட்டன. விண்டோஸ் செட்டிங்ஸில் விருப்ப வசதிகள் பகுதியில் தமிழுக்கானதைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். விண்டோஸ் 8 முதல் திரையில் தமிழைக் காட்டுவது நிர்மலா யுஐ. அதை மேனேஜர் வழியாக நீக்கவோ முடக்கவோ முயல வேண்டாம்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 ஃபான்ட்கள் பெட்டி நிறைய இருக்கின்றன. வைத்திருக்கலாமா?

இவை அடோபி கொண்டுவந்த பழைய ஃபான்ட் வகை. வைத்திருங்கள், ஆனால் தினசரிச் சேகரிப்பிலிருந்து தனியாக. அடோபி 2023 ஜனவரியோடு தன் மென்பொருள்களில் டைப் 1 ஆதரவை நிறுத்திவிட்டது. லிப்ரே ஆபீஸ் 5.3 பதிப்பிலேயே விட்டுவிட்டது. பழைய ஃபைலைத் திறக்க மட்டுமே இனி அவை பயன்படும்.

வேரியபிள் ஃபான்ட் என்கிறார்களே, அதையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், இடமும் மிச்சம். அனேக் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். மெலிவிலிருந்து தடிமன் வரை, ஒடுக்கத்திலிருந்து அகலம் வரை எல்லாம் ஒரே ஃபைலில். உங்கள் மேனேஜர் தடிமனை நகர்த்திப் பார்க்க விடுகிறதா என்று சோதியுங்கள். பழையவை ஒரே ஒரு தடிமனை மட்டும் காட்டும். அச்சகம் பழைய கோரல் வைத்திருந்தால் தனித்தனித் தடிமன் ஃபைல்களையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

சேகரிப்பை ஒன்ட்ரைவ், கூகுள் ட்ரைவில் வைக்கலாமா?

பேக்கப்புக்குத் தாராளமாக. நேரடியாக அங்கிருந்தே ஆக்டிவேட் செய்வதாக இருந்தால், அந்த ஃபோல்டர் முழுவதும் ‘இந்தக் கம்ப்யூட்டரிலேயே எப்போதும் வைத்திரு’ என்று அமைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபைல் இருப்பது போலப் பெயர் தெரியும், உள்ளடக்கம் மேகத்தில் இருக்கும், நெட் இல்லாத நேரத்தில் ஃபான்ட் ஏறாது. உரிமம் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் என்றிருக்கும் ஃபான்ட்டைப் பத்துப் பேர் பங்கிடும் ட்ரைவில் போடுவதும் சரியல்ல.

கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் இறக்கினால் ஆபத்து உண்டா?

உண்டு. ஃபான்ட் என்பது இயங்குதளம் ஆழமாகப் படித்துச் செயல்படுத்தும் ஃபைல். 2020 மார்ச்சில், விண்டோஸின் அடோபி டைப் மேனேஜர் பகுதியில் இருந்த ஓட்டையைத் திருத்தப்பட்ட ஃபான்ட் வழியாகத் தாக்குபவர்கள் பயன்படுத்துவதாக மைக்ரோசாஃப்ட்டே எச்சரித்தது. விண்டோஸை அப்டேட் செய்து வையுங்கள். ‘ஃபான்ட்’ என்று சொல்லி ஒரு இன்ஸ்டாலர் வந்தால் திறக்காதீர்கள்.

உரிமத்தை எப்படிக் கணக்கு வைப்பது?

‘இலவசம்’ என்று எழுதியிருந்தாலே வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை. சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசமாக இருக்கும் ஃபான்ட்கள் நிறைய. எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவற்றை, அதாவது நோட்டோ, முக்தா மலர், கேட்டமரான், அனேக் தமிழ் போன்றவற்றை, போஸ்டர், புத்தகம், பெயர்ப்பலகை எதற்கும் பயன்படுத்தலாம். ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக்கூடாது.

மேனேஜரில் மூன்று டேக் போதும்: திறந்த உரிமம், வாங்கியது, தெரியாது. வாடிக்கையாளரின் வணிகச் சின்னத்துக்கு ‘தெரியாது’ என்ற டேக் உள்ள எதையும் தொடாதீர்கள். ஒரு தமிழ் ஃபான்ட்டை வரைய ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து உகர ஊகார வடிவங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் செதுக்குகிறார். அந்த உழைப்புக்குப் பணம் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த ஃபான்ட் வரும்.

இனி எல்லாம் யூனிகோடுதானே, பழைய ஃபான்ட்களை அழித்துவிடலாமா?

புது வேலைக்கு யூனிகோடு மட்டும் போதும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பழைய வேலைகள் போய்விடவில்லை. அடோபியின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பான 7 வந்தது 2001-இல். அதற்கு யூனிகோடு தெரியாது. அதில் கோத்த நூல்கள், மலர்கள், ஊர்த் திருவிழா அழைப்பிதழ்கள் எல்லாம் பழைய முறை ஃபான்ட்களை நம்பித்தான் இருக்கின்றன. ஃபான்ட் போய்விட்டால் அந்தப் பக்கங்களில் வெறும் ஆங்கிலக் குறிகள்தான் மிஞ்சும். எந்த முறையில் கோத்தது என்று தெரியாமல் போனால் யூனிகோடுக்கு மாற்றுவதும் கடினம்.

ஆகவே பழைய ஃபோல்டரை இன்ஸ்டால் செய்யாமல், மேனேஜரில் ஆக்டிவேட் செய்யாமல், அப்படியே வையுங்கள். ஒவ்வொரு ஃபான்ட்டிலும் ‘தமிழ்நாடு’ என்ற வரியை வைத்து, பக்கத்தில் ஃபைல் பெயரும் முறையின் பெயரும் போட்டு ஒரு பிடிஎஃப் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். சில ஆண்டுகள் கழித்து யாராவது ஒரு பழைய பேஜ்மேக்கர் ஃபைலோடு வந்தால், அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து எழுத்தின் சாயலை ஒப்பிட்டே எந்த ஃபான்ட் என்று சொல்லிவிடலாம்.